திருமணத்திற்குப் போகும்போது காலில் என்ன அணியலாம்?

பேத்தியின் திருமணத்திற்குப் பட்டுப்புடவை பல வாரங்களுக்கு முன்பே தயாராகிவிடும். ரவிக்கையும் தைத்து வந்துவிடும். காலணியைப் பற்றிப் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறோம். புடவையின் நிறத்திற்குப் பொருத்தமாக ஒன்றை வாங்கி, திருமணத்தன்று காலையில் முதன்முறையாகப் போட்டுக்கொள்கிறோம். மூத்தோருக்கு இது ஏற்றதன்று. காலணியையும் முன்கூட்டியே, கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாதங்களுக்கு ஏன் தனிக் கவனம்?

வயதாக ஆகப் பாதம் அகலமாகிறது. உள்ளங்காலில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்புப் பகுதி மெலிகிறது. தோலும் எளிதில் உரிகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த அளவு இன்று இறுக்கமாக இருக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகமாகக் காணப்படுகிறது. இரத்தச் சர்க்கரை நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு, உணர்ச்சி குறையும். காலணிக்குள் சிறு கல் இருந்தாலும், வார் உரசினாலும் வலிக்காது. கவனிக்காமல் விட்ட கொப்புளம் புண்ணாகலாம். இரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் அந்தப் புண் ஆறாமல் கிருமி தொற்றி, விரலையோ காலையோ அகற்றவேண்டிய நிலை வரலாம். வலி இல்லை என்பதால் காயம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலில் காலணி, பிறகு புடவையின் உயரம்

நம் திருமணங்களில் மணமக்களும் விருந்தினர்களும் கோயிலிலும் மணமேடையிலும் காலணியைக் கழற்றிவிடுகிறார்கள். இரண்டு அங்குலக் குதிகால் உள்ள காலணியை அணிந்துகொண்டு கொசுவம் வைத்துக் கட்டினால், காலணியைக் கழற்றியதும் புடவை இரண்டு அங்குலம் தரையில் இழுபடும். அக்கினியை வலம் வரும்போதோ மேடைப் படியில் ஏறும்போதோ அது காலில் சிக்கித் தடுக்கிவிடலாம். மூத்தோருக்கு மட்டுமன்றி மணப்பெண்ணுக்கும் இந்த ஆபத்து உண்டு.

அதனால் குதிகால் உயரம் 2.5 சென்டிமீட்டருக்கு மேற்படாத காலணியைத் தேர்ந்தெடுங்கள். கோயில் சடங்கிற்குக் கட்டும் புடவையை வெறுங்காலில் நின்றே கட்டுங்கள். ஆண்கள் வேட்டி கட்டும்போதும் அப்படியே செய்யலாம். மாலை வரவேற்பு நிகழ்ச்சிக்கோ தேவாலயத் திருமணத்திற்கோ பேத்தி கவுன் அணிவதாக இருந்தால், முதலில் காலணியை வாங்கி, அதைத் தையற்காரரிடம் கொண்டுசென்று, அணிந்துகொண்டே கவுனின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

• பிற்பகலிலோ மாலையிலோ கடைக்குச் செல்லுங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருக்கும் காலணி மாலையில் இறுக்கலாம்.
• இரண்டு பாதங்களையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். பெரிய பாதத்தின் அளவுக்கே வாங்குங்கள்.
• மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் இடம் வேண்டும்.
• முன்பகுதி அகலமாக, விரல்களை அசைக்கும்படி இருக்க வேண்டும்.
• குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்பகுதியோ வாரோ வேண்டும். அடிப்பாகம் வழுக்காததாக இருக்க வேண்டும்.
• உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். மணி, சரிகை, கல் பதித்த காலணிகளில் தையல் முடிச்சு உட்புறம் துருத்திக்கொண்டிருக்கலாம்.

“போடப்போட இளகிவிடும்” என்று கடைக்காரர் சொன்னாலும் இறுக்கமானதை வாங்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், விரலிடுக்கில் பட்டை வரும் செருப்பைத் தவிர்ப்பது நல்லது.

வாங்கிய பிறகு இரண்டு வாரம் வீட்டில் பழகுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் போதும். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் இருந்தால் அந்தக் காலணி உங்களுக்குப் பொருந்தவில்லை. திருமணத்தன்று அதை அணிய வேண்டாம்.

மண்டபத்திற்குப் போகும் வழி

சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு அருகில் இருப்பது ஃபேரர் பார்க் ரயில் நிலையம். டோபி காட்டிலிருந்து வடகிழக்குப் பாதையில் அது இரண்டாவது நிறுத்தம். ஆனால் வேறு பாதையிலிருந்து வந்து டோபி காட்டில் மாறுபவர்கள் நிலையத்திற்குள்ளேயே நடக்க வேண்டியிருக்கும். வடக்கு-தெற்கு, வடகிழக்கு, வட்டப் பாதைகள் மூன்றும் அங்கே வெவ்வேறு தளங்களில் சந்திக்கின்றன. தேங் ரோட்டில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்கு டோபி காட்டில் இறங்கி நடந்து செல்வோரும் உண்டு.

ஆகவே, பயணத்திற்கு நன்கு பழகிய காலணியை அணிந்துகொள்ளுங்கள். அலங்காரக் காலணியைப் பையில் எடுத்துச் செல்லலாம். புடவையோ வேட்டியோ அணிந்திருக்கும்போது மின்படிக்கட்டைவிட மின்தூக்கி பாதுகாப்பானது. முகூர்த்த நேரத்தை எண்ணி ஓடாதபடி சற்று முன்னதாகவே புறப்படுங்கள்.

வாசலில் காலணியைக் கழற்றும்போது

ஒற்றைக் காலில் நின்று காலணியைக் கழற்றாதீர்கள். நாற்காலி கேட்டு வாங்கி, உட்கார்ந்து கழற்றுங்கள். மறுபடி போடும்போதும் உட்கார்ந்தே போடுங்கள். கழற்றியதை ஒரு துணிப்பையில் போட்டுப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். வாசல் குவியலில் மாறிப்போய், வேறொருவரின் காலணியோடு வீடு திரும்பும் நிலை வராது.

கால் கழுவும் இடத்தில் தரை ஈரமாக இருக்கும். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதபூஜையில் பிள்ளைகள் உங்கள் பாதங்களைக் கழுவினால், எழுவதற்கு முன் பாதங்களையும் விரலிடுக்குகளையும் துண்டால் ஒற்றித் துடைக்கச் சொல்லுங்கள். ஈரக்காலோடு மேடையிலிருந்து இறங்க வேண்டாம்.

நண்பகலில் திறந்தவெளித் தரை சுடும். உணர்ச்சி குறைந்த பாதத்திற்கு அந்தச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடலாம். நிழலிலும் விரிப்பின் மேலும் நடங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலுறை அணிந்து உள்ளே வரலாமா என்று கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெட்டி அணிந்திருப்பவர்கள், வீக்கம் ஏற்பட்டால் அதைக் கழற்றிவிடுங்கள்.

வீடு திரும்பியதும்

நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம், அல்லது வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம். விரலிடுக்குகளையும் பாருங்கள்.

அசதி தீர வெந்நீரில் கால் வைப்பது நம்மிடையே வழக்கம். நீரிழிவு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். நீரின் சூட்டைப் பாதம் உணராமல் போகலாம். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். கால் ஆணிக்கு விற்கும் மருந்துப் பட்டையையும் நீங்களாக ஒட்டாதீர்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நீரிழிவு உள்ளவர்கள், சிறிய கொப்புளமோ வெட்டோ இருந்தாலும் தாமதிக்காமல் உங்கள் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். சிவத்தல், வீக்கம், சூடு, சீழ், துர்நாற்றம், தோல் கறுத்தல், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே செல்லுங்கள். விழுந்து எழ முடியாமல் போனாலோ தலையில் அடிபட்டாலோ 995 எண்ணை அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்த ஆண்டு இன்னும் செய்யவில்லை என்றால், திருமணத்திற்குக் காலணி வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துகொள்ளுங்கள். எந்த வகைக் காலணி உங்களுக்கு ஏற்றது என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.