இறைச்சிக் கோழியும் ஜீவசத்தும்

கோவிலம்பாக்கத்தில் என் வீட்டருகே உள்ள கடைகளில் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழிகளைப் பார்த்து, "ஊசி போட்டு ஊத வைத்தவை" என்பார் பலர். அது வீண் அச்சம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை அவை எட்டுவதற்குக் காரணம், தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனமும் கணக்கிட்டு இடும் தீவனமுமே. அத்தீவனத்தில் மிகச் சிறிய பங்கான ஜீவசத்துக்களைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

ஜீவசத்து உண்டு என்பதை மனிதனுக்கு உணர்த்தியதில் கோழிக்கே முதலிடம். 1890ஆம் ஆண்டையொட்டி ஜாவாத் தீவில் பெரிபெரி நோயை ஆராய்ந்த டச்சு மருத்துவர் ஐக்மன், தம் ஆய்வுக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். மருத்துவமனைச் சமையலறையின் வெண்சோறே அவற்றின் உணவு. புதிய சமையற்காரர் இராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட, தவிடு நீங்காத அரிசி இடப்பட்டது. கோழிகள் எழுந்து நடந்தன! தீட்டிய அரிசியில் நஞ்சு இருப்பதாகவே ஐக்மன் முதலில் எண்ணினார். தவிட்டோடு போன சத்தின் குறைவே காரணம் என்று 1901இல் கிரைன்ஸ் விளக்கினார். ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் மக்காரிசன் என்ற அறிஞர் புறாக்களுக்குத் தீட்டிய அரிசி அளித்து இதே குறைபாட்டை ஆராய்ந்தார்.

குப்பையைக் கிளறும் நாட்டுக்கோழி கீரையும் புழுவும் தின்று, வெயிலில் திரிந்து, டி சத்தைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். கூரையின் கீழ் வளரும் கோழிக்கு அந்த வாய்ப்பு ஏது? அது உண்ணும் மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் டி சத்து இல்லை; பி12ம் இல்லை. டி குறைந்தால் எலும்பு வளையும், அலகு ரப்பரைப்போல் நெகிழும். பி2 குறைந்தால் கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, குஞ்சு கணுக்காலால் நகரும். சி சத்தையோ கோழி தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆயினும் கத்திரி வெயிலில் குடிநீரில் கலந்து தருவதுண்டு.

அளவைக் கேட்டால் வியப்பீர்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட அட்டவணைப்படி, ஒரு கிலோ தீவனத்தில் டி3 சத்து 200 அலகு போதும். அதாவது, ஒரு டன்னுக்கு 5 மில்லிகிராம்! நடைமுறையில் இதைப் போலப் பல மடங்கு சேர்க்கிறார்கள். ஏனெனில் வெப்பமும் ஈரமும் ஜீவசத்துக்களை அழிக்கின்றன. தகரக் கொட்டகையில் கோடை முழுவதும் கிடந்த மூட்டையின்மேல் அச்சிட்ட அளவு மாறாது. உள்ளிருக்கும் சத்து குறைந்திருக்கும்.