பாஸ் சத்தம் பாதியில் காணாமல் போவது ஏன்? 'ஆல்பாஸ் ஃபில்டர்' செய்யும் வேலை என்ன?

புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு மைதானம் போன்ற திறந்தவெளியில் விழா நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஓரிடத்தில் நெஞ்சை அதிரவைக்கும் டிரம் சத்தம், சற்றுத் தள்ளி நின்றால் சப்பென்று ஆகிவிடும். "பாஸை ஏத்துங்கண்ணே" என்று மைக் செட்காரரிடம் சொல்வோம். அவர் ஏத்தினாலும் அங்கே பெரிதாக மாறாது.

என்ன காரணம்?

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று உங்களுக்கு 1.7 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால், ஓர் அலை ஏறும்போது மற்றொன்று இறங்கும். இரண்டும் மோதி அழியும். இந்த முன்பின் நிலைதான் 'ஃபேஸ்'. சத்தத்தைக் கூட்டினால் இரண்டு அலையும் சேர்ந்தே கூடும், அழிவதும் தொடரும்.

தாமதப்படுத்தினால் போதாதா?

பல நேரம் போதும். ஆனால் 'டிலே' எல்லா அலைவரிசையையும் ஒரே நேர அளவுக்குத் தள்ளும். சப்வூஃபரும் மேல் ஸ்பீக்கரும் சேரும் இடத்தில் குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். அங்குதான் ஆல்பாஸ் ஃபில்டர் வருகிறது. எந்த அலைவரிசையின் அளவையும் இது கூட்டாது, குறைக்காது. ஃபேஸை மட்டும் மாற்றும்.

கணக்கு எப்படி?

டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. இப்போது வரும் எண்ணை ஒரு கெழுவால் பெருக்கி, முந்தைய உள்ளீட்டைக் கூட்டி, அதே கெழுவால் பெருக்கிய முந்தைய வெளியீட்டைக் கழித்தால் போதும். நொடிக்கு 48,000 எண்கள் என்றால், கெழு சுமார் -0.987 ஆக இருக்கும்போது 100 ஹெர்ட்ஸ் ஒலி 90 டிகிரி பின்தங்கும். அதைவிடத் தாழ்ந்த ஒலி குறைவாகவும், உயர்ந்த ஒலி 180 டிகிரியை நெருங்கியும் பின்தங்கும்.

செயற்கை எதிரொலி உருவாக்க இதை 1961-லேயே பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் பயன்படுத்தினார். கிட்டார் 'ஃபேஸர்' கருவியின் சுழலும் ஒலிக்கும் இதுவே அடிப்படை.

எல்லோருக்கும் சரியாகுமா?

ஆகாது. ஓரிடத்துக்குச் சரிசெய்தால் இன்னோரிடத்தில் பிசகும். அதனால் கூட்டம் அதிகம் நிற்கும் பகுதியில் அளந்து பார்த்தே அமைக்க வேண்டும். இது பாட்டுக்கு மட்டுமான விஷயமல்ல. வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் அலைவரிசையில் இதே மோதல் வந்தால் பேச்சின் தெளிவு கெடும். "குழந்தையைக் காணோம்" என்ற அறிவிப்பு, சத்தமாக இருந்தும் புரியாமல் போகலாம்.