சாளரத்தில் ஒரு சதுரம்

நெடுநாள் சிகிச்சையில் இருக்கும் குழந்தையைக் காண வரும் உறவினர்கள், "எப்போது வீட்டுக்கு வருவாய்?" என்று கேட்பது வழக்கம். அக்குழந்தை எங்களிடம் கேட்பதோ, "எப்போது பள்ளிக்கூடம் போகலாம்?" என்பதுதான். சிறுநீரக நோய், இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்காக மாதக்கணக்கில் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலையும் பிள்ளைகளுக்கு, வகுப்பறையில் தம் இடம் காலியாக இருப்பது ஊசி வலியைக் காட்டிலும் பெரிய கவலை. மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் இத்தகைய இதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. அந்தக் காலி இடத்தைப் பற்றியும், அதனை ஓரளவேனும் நிரப்பக்கூடிய ஓர் எளிய கைவேலையைப் பற்றியும் இங்கே கூற விழைகிறோம். பள்ளிக் குழந்தைகளும் நோயுற்ற குழந்தைகளும் சேர்ந்து வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றை வடிவமைப்பதே அக்கைவேலை.

நோயோடு வரும் பிரிவு

நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரகக் கோளாறுக்காக ஸ்டீராய்டு மாத்திரை உண்ணும் குழந்தையின் முகம் உப்பிவிடும். புற்றுநோய் மருந்தால் தலைமுடி உதிரும். மருந்தின் அளவு குறையும்போது முகம் பழைய நிலைக்குத் திரும்பும். முடியும் மீண்டும் வளரும். இந்நோய்கள் அருகில் அமர்வதாலோ, சேர்ந்து விளையாடுவதாலோ எவருக்கும் தொற்றுவதில்லை. ஆயினும் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைச் சக மாணவர்கள் சற்று விலகி நின்று பார்ப்பதுண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அறியாததைக் கண்டு அஞ்சுவது குழந்தை இயல்பு.

நோய் மனிதரைப் பிரித்து வைக்கும் என்பதைச் செங்கல்பட்டு நன்கறியும். திருமணியில் 1924ஆம் ஆண்டு தொழுநோயாளர்களுக்கென ஒரு மருத்துவ இல்லம் தொடங்கப்பட்டது. 1955இல் மத்திய அரசு அதனை ஏற்று, தொழுநோய்க்கான மத்தியப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. இன்று தொழுநோய் மாத்திரைகளால் முழுமையாகக் குணமாகும் நோய். ஆனால், நோய் அகன்ற பின்னும் ஊரார் மனத்தில் அச்சம் அகல நெடுங்காலம் ஆயிற்று. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வராதிருக்க வேண்டுமானால், பிரிவு ஆழமாவதற்கு முன்பே இரு பக்கத்துக் குழந்தைகளையும் ஒரே வேலையில் இணைத்துவிட வேண்டும்.

வண்ணச் சாளரம் உருவாகும் விதம்

சென்னைச் சாந்தோம் பேராலயத்திலும் செட்டிநாட்டு வீடுகளிலும் வண்ணக் கண்ணாடிகளின் வழியே வெயில் தரையில் நிறங்களாக விழுவதைப் பலர் கண்டிருக்கக்கூடும். கண்ணாடியை உருக்கும்போது சேர்க்கப்படும் உலோகங்களே அந்நிறங்களைத் தருகின்றன. கோபால்ட் நீலத்தையும், மாங்கனீசு ஊதாவையும், மிக நுண்ணிய அளவிலான தங்கம் மாணிக்கச் சிவப்பையும் தரும். வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் மேற்பூசிச் சூளையில் சுட்டால் மஞ்சள் நிறம் கிடைக்கும்.

சாளரம் செய்வோர் முதலில் சிறு ஓவியம் ஒன்றை வரைவர். பின்னர் அதனைச் சாளரத்தின் முழு அளவுக்குப் பெரிதாக்கி, அதன்படி கண்ணாடித் துண்டுகளை வெட்டுவர். இரு பக்கமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளில் அத்துண்டுகளைச் செருகி, சந்திகளைப் பற்றவைப்பர். நாம் காணும் கறுப்புக் கோடுகள் யாவும் அந்தப் பட்டைகளே. படத்துக்கு அவை எல்லைக்கோடு, சாளரத்துக்கோ எலும்புக்கூடு. ஆகவே இக்கலையின் முதல் விதி எளியது: ஒவ்வொரு நிறத்துண்டும் கறுப்புக் கோட்டால் முழுதும் சூழப்பட்டிருக்க வேண்டும், எந்தக் கோடும் அந்தரத்தில் முடியலாகாது.

படுக்கையிலிருந்து பிறந்த சாளரங்கள்

வடிவமைப்பவர் கண்ணாடியைத் தொடவேண்டும் என்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941ஆம் ஆண்டு, தம் 71ஆம் வயதில், குடற் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் அவரால் நெடுநேரம் நின்று ஓவியம் தீட்ட இயலவில்லை. உதவியாளர்கள் வண்ணம் பூசித் தரும் தாள்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே கத்தரிக்கோலால் வெட்டி, அவற்றைச் சுவரில் ஒட்டச் செய்து படங்களை அமைத்தார். அக்காலத்தில் அவரை இரவில் கவனித்துக்கொண்ட இளம் செவிலியர் ஒருவர் பின்னர்த் துறவியானார். அவருடைய மடத்துக்கு ஒரு வழிபாட்டுக்கூடம் தேவைப்பட்டபோது, அதனை வடிவமைக்கும் பொறுப்பை மத்தீஸ் ஏற்றார். வான்ஸ் என்னும் ஊரில் உள்ள அக்கூடத்தின் சாளரங்கள் மஞ்சள், பச்சை, நீலம் என மூன்றே நிறங்களால் ஆனவை. அவரது தாள் வெட்டுகளைப் பார்த்துக் கைவினைஞர்கள் அவற்றைக் கண்ணாடியில் செய்தனர். 1951ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் கூடம் திறக்கப்பட்டபோது, உடல்நலக் குறைவால் மத்தீஸ் அங்குச் செல்ல இயலவில்லை. ஆனால் அவருடைய சாளரங்கள் அங்கே இருந்தன.

மருத்துவமனைக்கென்றே செய்யப்பட்ட சாளரங்களும் உண்டு. எருசலேமின் ஹதாசா மருத்துவமனைத் தொழுகைக்கூடத்துக்காக ஓவியர் மார்க் சகால் வடிவமைத்த 12 சாளரங்கள் 1962இல் அங்கு நிறுவப்பட்டன. அவற்றில் மனித உருவங்கள் இல்லை. விலங்குகளும் பறவைகளும் மீன்களும் மலர்களுமே இடம்பெற்றுள்ளன. மனித முகம் வரையத் தயங்கும் குழந்தைகளுக்கு இது நல்ல செய்தி.

நம் கடற்கரை தரும் படங்கள்

விலங்குகளுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் குட்டிகளோடு நிற்கும் யானைகளும், தவக்கோலத்தில் பின்னங்கால்களில் நிற்கும் பூனையும், அதன் காலடியில் எலிகளும் உள்ளன. அவற்றோடு கடற்கரைக் கோயில், கலங்கரை விளக்கம், மீன்பிடி படகு, முட்டையிடக் கரையேறும் ஆமை, வேடந்தாங்கல் நாரை ஆகியனவும் குழந்தைகள் நன்கறிந்த உருவங்கள்.

சிற்பத்துக்கும் சாளரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. பாறைச் சிற்பத்தின் மேல் வெயில் முன்பக்கத்திலிருந்து விழுகிறது. நிழல்தான் உருவத்தைக் காட்டுகிறது. சாளரத்துக்கு ஒளி பின்பக்கத்திலிருந்து வருகிறது. நிழல் தீட்டினால் உருவம் மங்கும். யானைக்குச் சாம்பல் நிறம்தான் வேண்டும் என்பதுமில்லை. அது நீலமாகவும் இருக்கலாம்.

செய்யும் முறை

உண்மையான கண்ணாடியும் ஈயமும் குழந்தைகளுக்கு வேண்டா. ஈயம் உடலுக்குள் செல்வதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களின் உடலைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். கறுப்பு சார்ட் அட்டை, வண்ணக் கண்ணாடித்தாள், பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஆகியன போதும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஓரடிச் சதுர அட்டை ஒன்றைக் கொடுங்கள். சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுவிலும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். குழந்தை தன் விருப்பம்போல எதையும் வரையலாம். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கறுப்புக் கோடு வந்து முடிய வேண்டும். கோடு ஒரு விரற்கடை அகலமாவது இருக்கட்டும். கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளைப் பெரியவர் ஒருவர் வெட்டி நீக்க, அந்தத் திறப்புகளைவிடச் சற்றுப் பெரிதாக வண்ணத்தாளைக் குழந்தை வெட்டிப் பின்புறம் ஒட்டும். நீலத்தாளின் மேல் மஞ்சள் தாளை வைத்தால் பச்சை கிடைக்கும்.

நான்கு புள்ளிகளின் பயன் இறுதியில்தான் தெரியும். வார்டில் செய்த சதுரத்தையும் வகுப்பறையில் செய்த சதுரத்தையும் எந்த வரிசையில் அடுக்கினாலும் கோடுகள் ஒன்றோடொன்று சேரும். இரு இடத்துக் குழந்தைகளும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே சாளரத்தைச் செய்து முடித்திருப்பார்கள்.

கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்ட குழந்தை, நிறத்தைத் தேர்ந்து சொன்னால் போதும்; உடனிருப்பவர் வெட்டலாம். இரத்தத் தட்டணுக்கள் குறைந்த குழந்தையிடம் கத்தரிக்கோல் கொடுக்க வேண்டா. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்குப் புதிய பொருள்களைத் தனியே கொடுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அவற்றைத் தொடாதிருக்கட்டும். தொடங்குமுன் அனைவரும் கைகழுவ வேண்டும். களைத்த குழந்தையை வற்புறுத்தாதீர்கள். ஒரு சதுரம் முடிய ஒரு வாரம் ஆனாலும் குறையில்லை.

எங்கே மாட்டலாம்?

நடைவழியும் காத்திருப்புக் கூடமும் விளையாட்டு அறையும் ஏற்றவை. படுக்கைக்கு அருகே, குறிப்பாகப் பச்சிளங்குழந்தைகள் உள்ள அறையில், வண்ணச் சாளரம் கூடாது. மஞ்சள் காமாலை, இரத்தச்சோகை, மூச்சுத்திணறலால் உதடு நீலம்பாரித்தல் ஆகியவற்றை நாங்கள் முதலில் அறிவது தோலின் நிறத்தைக் கொண்டுதான். நிறமுள்ள வெளிச்சம் அந்த அடையாளங்களை மறைத்துவிடும். வீட்டுக்கும் இது பொருந்தும். பிறந்து சில நாள்களேயான குழந்தையின் நிறத்தை வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் நிறம் குறைந்திருப்பதை ஒரு செவிலியர் கவனித்தார். அங்கிருந்தே நீலநிற ஒளிச் சிகிச்சை வளர்ந்தது. ஆனால் இன்று மருத்துவமனையில் தரப்படுவது குறிப்பிட்ட அலைநீளத்தில் அளந்து தரப்படும் ஒளி. சன்னலோர வெயிலோ நீலத்தாளோ அதற்கு ஈடாகா. காமாலை உள்ள குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

வண்ணச் சாளரம் நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் கூறவில்லை. அமெரிக்காவில் பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர் என்று 1984இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. சன்னல் நோயாளிக்கு ஒரு பொருட்டுதான் என்பதற்கு அது சான்று. எனினும் மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது.

இக்கைவேலையிலிருந்து நாங்கள் எதிர்பார்ப்பது வேறொன்று. நோயுற்ற குழந்தை நாள் முழுதும் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டே இருக்கிறது: மருந்து, உணவு, அனுதாபம். தான் பிறருக்குக் கொடுப்பதற்கென்று அதனிடம் ஒன்றும் இருப்பதில்லை. ஒரு சதுரம் அக்குறையைத் தீர்க்கும்.

ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இதுவே. அடுத்த முறை மருத்துவச் சான்றிதழ் கொடுக்கப் பள்ளிக்குச் செல்லும்போது வகுப்பாசிரியரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். நோய் தொற்றாது என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு கேளுங்கள்; தேவையானால் அதனை எழுத்தில் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். பிள்ளை செய்து முடித்த சதுரத்தைக் கையோடு கொண்டுபோய் வகுப்புச் சன்னலில் மாட்டச் சொல்லுங்கள். பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நாளில், அதன் கைவேலை அங்கே அதற்கு முன்பே சென்று இடம்பிடித்திருக்கட்டும்.