நம்ம ஊராட்சிக்கு எத்தனை மார்க்?

2025 ஏப்ரல் 9-ஆம் தேதி மத்திய ஊராட்சி அமைச்சகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. நாட்டிலுள்ள 2,16,285 கிராம ஊராட்சிகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்ட பட்டியல் அது. ஊராட்சி முன்னேற்றக் குறியீடு என்று பெயர். கணக்கில் எடுத்துக்கொண்ட ஆண்டு 2022–23.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் அந்த 2022–23-இல் ஊராட்சியை நடத்தியவர்கள், 2019 டிசம்பர் தேர்தலில் வென்று 2020 ஜனவரி 6-இல் பொறுப்பேற்ற தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும். அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்துவிட்டது. மார்க் வந்தது அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து. அதைப் பார்த்துப் பெருமைப்படவோ வெட்கப்படவோ, எங்கே குறைந்தது என்று கூடிப் பேசவோ மன்றம் என்று ஒன்று அப்போது இல்லை. தனி அலுவலர்தான் இருந்தார்.

வன்னியம்பட்டியில் நின்றால் ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி, மறுபக்கம் ராஜபாளையம் நகராட்சி. நடுவில், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் விரிந்து கிடப்பவை கிராம ஊராட்சிகள். சில ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியத்தில் வரும், சில ராஜபாளையம் ஒன்றியத்தில் வரும். மாவட்டம் முழுக்க 11 ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள். எந்த ஊராட்சி உருப்படியாக நடக்கிறது, எது சரியில்லை என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்வார்கள். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, மோட்டார் காயில் எரிந்தால் எத்தனை நாளில் சரியாகிறது, தெருவிளக்கு அணைந்தால் எத்தனை நாள் இருட்டு: ஊர்க்காரர்களின் அளவுகோல் இவ்வளவுதான். அரசாங்கத்தின் அளவுகோல் கொஞ்சம் நீளம்.

எவ்வளவு நீளம் என்றால் 435 குறியீடுகள். அவற்றில் 331 கட்டாயம், 104 விருப்பத்துக்கு உட்பட்டவை. எல்லாம் ஒன்பது தலைப்புகளுக்குள் அடங்கும்: வறுமை ஒழிப்பும் வாழ்வாதாரமும், நலவாழ்வு, குழந்தைகள், தண்ணீர், தூய்மையும் பசுமையும், உட்கட்டமைப்பு, சமூகப் பாதுகாப்பு, நல்லாட்சி, மகளிர். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளைக் கிராமத்தின் அளவுக்குச் சுருக்கி எடுத்த தலைப்புகள் இவை. 90-க்கு மேல் வாங்கினால் சாதனையாளர், 75 முதல் 90-க்குள் முன்னணியாளர், 60 முதல் 75-க்குள் செயல்வீரர், 40 முதல் 60-க்குள் முயல்பவர், அதற்கும் கீழே தொடக்க நிலை.

முடிவு என்ன? சாதனையாளர் ஒருவர்கூட இல்லை. முன்னணியாளர் 699. அதில் குஜராத் 346, தெலங்கானா 270. இந்த இரண்டு மாநிலத்தைக் கழித்துவிட்டால் மீதி இந்தியா முழுவதற்கும் 83. செயல்வீரர் 77,298, முயல்பவர் 1,32,392, தொடக்க நிலை 5,896. அதாவது நூற்றுக்கு 61 ஊராட்சிகள் ஒரே கட்டத்தில் குவிந்து கிடக்கின்றன. புதுச்சேரி, கோவா, மேற்கு வங்கம் உள்ளிட்ட ஐந்து இடங்களின் விவரம் சரிபார்ப்பு முடியாததால் பட்டியலிலேயே சேரவில்லை.

இந்த மார்க்கைப் போடுவது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. வெளியிலிருந்து யாரும் வந்து பார்த்துப் போடுவதில்லை. சுகாதாரம், கல்வி, குழந்தைகள் வளர்ச்சி, குடிநீர் என்று ஒவ்வொரு துறையிலும் கிராம அளவில் இருக்கும் பதிவேட்டு எண்கள் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. பிறகு ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் சரிபார்ப்பு. தன்னைத் தானே மதிப்பிடும் முறை இது. மாணவனே விடைத்தாளைத் திருத்திக்கொள்வதுபோல என்று கேலி செய்யலாம். ஆனால் என் குறை அதுவல்ல. ஒரு மன்றம் தன் வேலையைத் தானே எடைபோட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். கேள்வித்தாளைப் பார்த்தால்தான் சங்கடம். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், ரத்தசோகை உள்ள பெண்கள், தடுப்பூசி என்று பலவும் கேட்கப்படுகின்றன. இவை ஊரின் நிலையைச் சொல்லும், சரி. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்ப ஊராட்சித் தலைவருக்கு ஏது அதிகாரம்? ஊரின் நிலைக்கும் மன்றத்தின் உழைப்புக்கும் ஒரே மார்க் போட்டால், நல்ல ஊரில் சும்மா இருந்த தலைவர் தேறிவிடுவார். பின்தங்கிய ஊரில் நாயாய் அலைந்தவர் தோற்றுவிடுவார்.

இந்தச் சிக்கல் விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2018-இல் நிதி ஆயோக், நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: ராமநாதபுரமும் விருதுநகரும். அங்கே 49 குறியீடுகள்தான். அதோடு, யார் மேலே இருக்கிறார் என்று பார்க்காமல், யார் எவ்வளவு நகர்ந்தார் என்று பார்த்தார்கள். 2018 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாற்றத்தை அளந்து டிசம்பரில் தரவரிசை வெளியிட்டபோது முதல் இடம் விருதுநகருக்குக் கிடைத்தது. மாவட்டம் தானே ஏற்றிய எண்களை மட்டும் நம்பாமல், டாட்டா டிரஸ்ட்ஸ், ஐடிஇன்சைட் ஆகிய வெளி அமைப்புகள் வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பையும் அப்போது சேர்த்துக்கொண்டார்கள். நகர்வை அளப்பது, வெளியாளை வைத்துச் சரிபார்ப்பது. இந்த இரண்டும்தான் ஊராட்சிக் குறியீட்டில் இன்னும் பலப்பட வேண்டியவை. இரண்டாம் பதிப்பில் குறியீடுகளை 147-ஆகக் குறைத்திருப்பது நல்ல காரியம். ஆனால் அளவுகோலையே மாற்றிவிட்டதால், முதல் ஆண்டோடு அடுத்த ஆண்டை ஒப்பிட்டு ‘ஏறியிருக்கிறோமா, இறங்கியிருக்கிறோமா’ என்று ஊர்க்காரர் கேட்டால் நேர்ப் பதில் கிடைக்காது.

டெல்லியில் மார்க் போடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டு ஊராட்சிக்கு ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கும் வேலைகளைப் பாருங்கள்: கிராமத் திட்டத்துக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருவது, எல்லாத் திட்டங்களின் முன்னேற்றத்தையும் ஆய்வு செய்வது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மனு கொடுக்கும் கூட்டமாகவே பலரும் இதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் கணக்கைப் பரிசோதிக்கும் இடம் இது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடியது, 2022 முதல் மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாகியிருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேராவது வரவேண்டும். 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

கூட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு தாள். படிவம் 30. நிதியாண்டுத் தொடக்கத்திலிருந்து அதுவரை ஊராட்சிப் பொது நிதியில் என்ன செலவானது என்று அதில் எழுதிக் கொண்டுவந்து, சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதன் சுருக்கத்தை ஃபிளக்ஸ் பேனரில் அச்சடித்து எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மின்மோட்டார் பழுது, எல்.இ.டி. பல்ப், பிளீச்சிங் பவுடர், டேங்க் ஆபரேட்டர் சம்பளம், பைப் லைன் உடைப்பு என்று வரிசையாக வரும். 435 குறியீடும் சொல்லாததை இந்தப் பட்டியல் சொல்லும். ஒரே மோட்டாருக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை பழுதுச் செலவு காட்டியிருந்தால், ஒன்று மோட்டார் சரியில்லை, அல்லது கணக்கு சரியில்லை. அந்தத் தெருக்காரருக்குத்தான் எது என்று தெரியும். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், கிளர்க் (ஊராட்சிச் செயலரைக் கிராமத்தில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) வேகமாக வாசித்து முடித்துவிடுவார். பதிவேடு கைமாறும், கையெழுத்து விழும். பேச்சு பட்டா, முதியோர் உதவித்தொகை, நூறு நாள் சம்பளப் பாக்கி என்று திரும்பிவிடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் அவற்றில் பாதி ஊராட்சியின் கையில் இல்லாதவை. ஊராட்சியின் கையில் உள்ளதைப் பற்றிய கேள்வி அங்கே எழுவது அபூர்வம்.

நூறு நாள் வேலையில் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கடமையாக்கியது. அதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சங்கமே அமைந்தது. பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள் வந்து, வீடுவீடாகப் போய் வேலை அட்டையைப் பார்த்து, வேலை நடந்த கண்மாயையும் வரப்பையும் அளந்து, சிறப்புக் கிராம சபையில் சத்தமாக வாசிப்பார்கள். குறை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியாள் ஒருவர் வந்து, வீட்டு வாசலில் கேட்டு, ஊர் முன்னால் படிப்பது என்ற மூன்றும் அதில் இருந்தன.

பிரிட்டனிலும் இதே தேடல்தான். 2002-இல் அங்குள்ள தணிக்கை ஆணையம், உள்ளாட்சி மன்றங்களை மிக நன்று முதல் மோசம் வரை ஐந்து தரமாகப் பிரித்தது. மன்றங்கள் தரத்துக்காகவே வேலை செய்கின்றன என்ற புகார் எழுந்தது. 2015 மார்ச்சில் அந்த ஆணையமே மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு மன்றத்தின் உறுப்பினர்களும் அதிகாரிகளும் இன்னொரு மன்றத்துக்குப் போய்ச் சில நாள் தங்கிப் பார்த்து அறிக்கை எழுதும் சக ஆய்வு முறைதான் முன்னால் நிற்கிறது. அது மட்டுமே போதுமா என்றால், 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகர மன்றம் கஜானா காலி என்று கைவிரித்ததைச் சொல்ல வேண்டும். ஆனாலும் ராஜபாளையம் ஒன்றியத்து ஊராட்சித் தலைவர்கள் நாலு பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றிய ஊராட்சி ஒன்றுக்கு வந்து இரண்டு நாள் சுற்றிப் பார்த்து எழுதினால், கம்ப்யூட்டர் சொல்லாத பலதும் வெளியே வரும். ஒரு தலைவரின் சால்ஜாப்பு இன்னொரு தலைவரிடம் பலிக்காது.

நகராட்சிகளுக்கு ஊராட்சிக் குறியீடு பொருந்தாது. 2016-இல் 73 நகரங்களோடு தொடங்கிய தூய்மைக் கணக்கெடுப்பு, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் குப்பை, கழிப்பறை விஷயத்தில் மட்டும் இடம் சொல்லும். கிராம சபைக்கு இணையாக 2022-இல் வந்தது பகுதி சபை. உங்கள் வார்டில் அது கூடியதா என்று கவுன்சிலரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மன்றமே இல்லாத காலத்துக்கு வருவோம். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-உ பிரிவு சொல்கிறது. 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடியும் அதே ஏற்பாடு. சேத்தூர் தாண்டித் தென்காசி மாவட்டத்துக்குள் போனால் கதை வேறு. அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில் என்பதால் தலைவர்கள் அப்போதும் பதவியில் இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. 450 ஊராட்சிகளை 11 ஒன்றியங்களுக்குப் பங்கிட்டால், ஒருவர் தலையில் சராசரியாக 40-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் 40 ஊரின் தெருவிளக்கை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அப்போதும் குறியீட்டுப் படிவம் நிரப்பப்படும், நல்லாட்சி என்ற எட்டாவது தலைப்புக்கும் மார்க் விழும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊருக்கு நல்லாட்சி மார்க் போடுவது கேலிக்கூத்து. சுய மதிப்பீட்டுக்கு முதல் தகுதி, தேர்தலை உரிய நேரத்தில் நடத்துவது.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் மூன்று விஷயம் கேளுங்கள். படிவம் 30-ஐ நிதானமாக, தொகையோடு வாசிக்கச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையில் என்ன ஆட்சேபம் எழுதியிருக்கிறது, அதற்கு என்ன பதில் தந்தார்கள் என்று கேளுங்கள். ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டுக்கு நம் ஊர் சார்பில் ஏற்றிய விவரங்களின் நகலைக் கேட்டு, அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதுங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய்.