நாய் மாதிரி என்னை நேசி!

காலை நிகழ்ச்சி செய்கிறவன் நான். விடியற்காலை 4 மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் என்னை வழியனுப்ப எங்கள் வீட்டில் விழித்திருப்பது மணி மட்டும்தான். தாமான் மூலையில் குட்டியாகக் கிடந்து எங்களோடு வந்து சேர்ந்த பழுப்பு நிறக் கம்போங் நாய். கேட்டைத் திறக்கும் என்னை ஒரு பார்வை பார்த்து, வாலை இரண்டு முறை ஆட்டிவிட்டு, 'சரி, நான் தூங்கப் போறேன்' என்பதுபோல் செருப்பு அலமாரிக்குக் கீழே சுருண்டுவிடும்.

மதியம் திரும்பும்போது நடப்பது வேறு. கார் சத்தம் முனையில் கேட்டதுமே கேட்டில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுகை. உள்ளே நுழைந்தால் மூன்று சுற்று ஓட்டம், என் பேண்ட் முழுக்கக் கால் தடம். பத்து வருடம் சிறையில் இருந்து திரும்பியவனுக்குக்கூட இப்படி ஒரு வரவேற்பு கிடைக்காது. நானோ எட்டு மணி நேரத்துக்கு முன்புதான் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவன்.

சில வாரங்களுக்கு முன்பு ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஆங்கில நிலையத்தில் வேலை செய்யும் நண்பர் அனுப்பிய பாட்டு ஒன்றைக் கேட்டேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்காரர் பில்லி கரிங்டன் பாடிய 'லைக் மை டாக்'. 2010-இல் வெளிவந்த 'என்ஜாய் யுவர்செல்ஃப்' ஆல்பத்தில் இருக்கிறது. கன்ட்ரி இசை. நமக்கு அவ்வளவு பழக்கம் இல்லாத வகை. கிட்டார், பிடில், கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல் என்று கடந்து போய்விடுவோம். அன்றைக்கு நான் கடந்து போகவில்லை. சிரித்த சிரிப்பில் பக்கத்து லோரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். ஒருவன் தன் காதலியிடம் மனு கொடுக்கிறான்: என் நாய் என்னை நேசிக்கிற மாதிரி நீயும் என்னை நேசி. நாய் அவனை சோபாவிலிருந்து எழுந்திரு என்று சொல்வதில்லை. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று குறுக்கு விசாரணை செய்வதில்லை. அவன் தங்கையோடு சண்டை போடுவதில்லை. வெளியே அழைத்துப் போனால் பணம் செலவு வைப்பதில்லை. இப்படி ஒரு பட்டியல். பாடகர் அதைச் சிரிக்காமல், உண்மையிலேயே நியாயம் கேட்கிற தொனியில் பாடுகிறார். அதுதான் பாட்டின் ருசி. கேட்கும்போதே நமக்குப் புரிந்துவிடுகிறது, கேலிக்கு ஆளாவது அந்தப் பெண் அல்ல, சோபாவை விட்டு நகராத அந்த மனிதன்தான்.

எழுதியவர்கள் இருவர், ஹார்லி ஆலன், ஸ்காட்டி எமெரிக். இதில் ஹார்லி ஆலனைப் பற்றித் தேடியபோதுதான் எனக்கு வியப்பு. புளூகிராஸ் இசையில் பெயர் பெற்ற ரெட் ஆலனின் மகன். 2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்தில் ஜார்ஜ் குளூனியும் கூட்டாளிகளும் வானொலி நிலையத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடுவார்களே, அதற்குப் பின்னணியில் பாடிய மூவரில் இவரும் ஒருவர். அந்தப் பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. குடும்பத்தில் சிதைந்துபோன ஒரு சிறுமியைப் பற்றி 'தி லிட்டில் கேர்ள்', தாயை இழக்கும் கடைக்குட்டி மகனைப் பற்றி 'தி பேபி' என்று கேட்பவரைக் கலங்க வைக்கும் பாடல்களுக்குப் பின்னால் இருந்தவர், இந்த நாய்ப் பாட்டையும் எழுதியிருக்கிறார். 2011-இல் காலமாகிவிட்டார்.

கன்ட்ரி இசையில் நாய்க்குத் தனி நாற்காலி உண்டு. அமெரிக்கர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை இருக்கிறது. கன்ட்ரி பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் என்ன ஆகும்? ஓடிப்போன மனைவி திரும்பி வருவாள், பறிபோன டிரக் திரும்பி வரும், செத்துப்போன நாய் எழுந்து உட்காரும். ரெட் ஃபோலி என்ற பாடகர் தன் நாயை நினைத்து எழுதிய 'ஓல்ட் ஷெப்' இந்த வகையில் கண்ணீர்ச் சக்கரவர்த்தி. 1945-இல் டூபெலோ நகரக் கண்காட்சியில் நடந்த பாட்டுப் போட்டியில் பத்து வயதுப் பையன் ஒருவன் இதைத்தான் பாடினான். மைக் எட்டவில்லை என்று நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்களாம். ஐந்தாம் இடம் கிடைத்ததாக அவனே பிற்காலத்தில் சொன்னான். பையனின் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. அப்புறம் டாம் டி. ஹால். 1972-இல் மியாமி பீச்சில் ஒரு மதுக்கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவர் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து, உலகில் மதிப்புள்ளவை வயசான நாய்கள், குழந்தைகள், தர்பூசணி ஒயின் என்று பாட்டெழுதி, அடுத்த ஆண்டே அதைக் கன்ட்ரி தரவரிசையில் முதலிடத்துக்குக் கொண்டு வந்தார்.

நமக்கு இப்படி நாய்ப் பாட்டு மரபு இல்லை. இருப்பதெல்லாம் திட்டு. 'நாய்ப் பொழப்பு', 'நாயா அலைஞ்சேன்', இன்னும் வானொலியில் சொல்ல முடியாதவை. ஆனால் நாலடியார் எழுதியவர்கள் நம்மைவிட நியாயமானவர்கள். யானையைப் போன்றவர்களின் நட்பை விட்டு, நாயைப் போன்றவர்களின் நட்பைப் பிடித்துக்கொள் என்கிறது ஒரு பாட்டு. காரணமும் சொல்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். நாயோ, எஜமான் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் அவனைப் பார்த்து வாலாட்டும். பில்லி கரிங்டன் கிட்டாரோடு கேட்பதை நம் ஆள்கள் நாலே வரியில் வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு வித்தியாசம். நாலடியாரில் வேல் எறிந்தவன் யார் என்பது மறைக்கப்படவில்லை.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது வீட்டில்தான்.

அன்று மாலை என் மனைவி வேலை முடிந்து வந்ததும் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் பாதி கேட்டாள்.

“யாரு அவனுக்குச் சோறு வைக்கிறது?” என்றாள்.

“நீதான்.”

“நகராண்மைக் கழகத்துல லைசன்ஸ் யாரு புதுப்பிச்சது? ஊசி போட யாரு தூக்கிட்டுப் போனது?”

“நீதான்மா. நான் சும்மா தமாஷுக்கு...”

“நான் உள்ள வந்தப்போ மணி எழுந்து ஓடி வந்தான். நீங்க தலையைத் தூக்கிப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. மறுநாள் நிகழ்ச்சிக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு கைப்பேசியில் மூழ்கிக் கிடந்தேன். எங்கள் குடும்பக் கணக்கு இப்படி: அவள் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள், நான் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன். இருவரும் விழித்திருக்கும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்திலும் நான் ஊருக்கெல்லாம் வணக்கம் சொல்லத் தயார் செய்துகொண்டிருப்பேன்.

அவள் சமையலறைப் பக்கம் போனவள், திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை.

“அவன் உங்களை விட்டு எங்க போவான்? அவனுக்குக் கேட் பூட்டியிருக்கு. எங்கிட்டச் சாவி இருக்கு.”

வானொலியில் பத்து வருடமாகப் பேசுகிறேன். பதில் வராமல் நின்ற தருணங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

பேச்சு வராவிட்டால் படிப்பது என் பழக்கம். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை கிடைத்தது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறதாம். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. கவனியுங்கள், நாய்க்கு மட்டும் அல்ல, இருவருக்கும் கூடுகிறது. அதற்கு இருவரும் பார்க்க வேண்டும்.

இன்னோர் ஆய்வு எனக்கென்றே எழுதியது போல இருந்தது. அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் நாய்களின் 'தப்புப் பண்ணிய முகத்தை' ஆராய்ந்தார். காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி நிற்குமே, அது. தப்பு செய்த நாய்தான் அப்படி நிற்கிறது என்பது நம் நினைப்பு. அப்படி இல்லை. தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான். திட்டுக்கு வருகிற முகமே தவிர, குற்றத்துக்கு வருகிற முகம் அல்ல. இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “உங்க முகம் ரெண்டுக்குமே வராது,” என்றாள். ஆனால் சிரித்தாள்.

அந்த வாரமே நிகழ்ச்சியில் இதை ஒரு கேள்வியாக வைத்தேன். வீட்டுக்குப் போனதும் உங்களை முதலில் வரவேற்பது யார்? அழைப்புகள் குவிந்தன. மகள் என்றார் ஒருவர். “மாமியார், அதுவும் கேள்வியோட,” என்றார் ஒரு பெண். தன் நாய் தன்னைவிட பக்கத்து வீட்டு அங்கிளைத்தான் அதிகம் நேசிக்கிறது, அவர் கோழி எலும்பு போடுகிறார் என்று ஓர் இளைஞர் மனம் நொந்தார். நிபந்தனையற்ற அன்புக்கும் சந்தையில் போட்டி இருக்கிறது போலும்.

கடைசியாக வந்த அழைப்பு வயதான ஓர் அம்மாவுடையது. பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராம். இருட்டோடு பெரட்டுக்குக் கிளம்பினால் அவர்கள் நாய் முன்னால் போகும், நிரை நிரையாக அவர் வெட்டி முடிக்கும்வரை கூடவே இருக்கும், பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்துச் சனங்களுக்கு மலிவு விலை அடுக்குமாடி வீடு. நான்காவது மாடியில் நாயை எப்படி வைத்துக்கொள்வது?

“சாமான் ஏத்துன லோரி பின்னாடியே ஓடியாந்துச்சு தம்பி. மெயின் ரோடு வரைக்கும். அப்புறம் நின்னுருச்சு. அது எங்கள விடல. நாங்கதான் அத விட்டுட்டு வந்துட்டோம்.”

அதற்குப் பிறகு அவர் நாய் வளர்க்கவில்லை. இப்போது மகன் தரைவீடு வாங்கியிருக்கிறார், இடம் இருக்கிறது, பேரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். “மனசு வரல,” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், பாட்டை முன்கூட்டியே ஓடவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த என் தயாரிப்பாளர் நேரத்தைச் சுட்டிக் காட்டவில்லை.

அன்று மதியம் மணி வழக்கம்போல் கேட்டில் ஏறி அழுதது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்று தலையைத் தடவினேன். பாட்டை மறுபடி கேட்டேன். இப்போதும் சிரிப்பு வருகிறது, நல்ல பாட்டுதான். ஆனால் அந்த மனு தவறான முகவரிக்குப் போகிறது என்று தோன்றியது. என்னை இப்படி நேசி என்று கேட்பதற்குப் பதில், அந்த ஆள் தன் நாயிடம் ஒரு வாரம் பாடம் கற்றுக்கொண்டிருக்கலாம். குறைந்தது சோபாவிலிருந்து எழுந்து வாசல்வரை வருவதையாவது.

நான் முயன்று பார்க்கிறேன். ஏழு மணி நெருங்கும்போது கைப்பேசியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறேன். முதல் நாள் அவள் காரை விட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கி, “என்ன, யாருக்கும் எதும் ஆயிருச்சா?” என்று பதறினாள். இரண்டாம் நாள், “காசு ஏதும் வேணுமா?” மூன்றாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை.

இதில் மணிக்குத்தான் சங்கடம். தன் வேலையில் வேறோர் ஆள் வந்து நிற்பது அதற்குப் பிடிக்கவில்லை. கார் சத்தம் கேட்டதும் என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்கிறது. அவளும் இறங்கி வந்து முதலில் அதன் தலையைத்தான் தடவுகிறாள். பிறகு பையை என்னிடம் நீட்டுகிறாள்.

நேற்று பையோடு சேர்த்துச் சாவிக் கொத்தையும் என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் மணியும் சேர்ந்து கேட்டைப் பூட்டினோம்.