மதராஸ் நேரமும் மில்ஸ் கணக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. பம்பாய் ரயில் நிலையத்துக் கடிகாரமே ஊர்க்கடிகாரத்தைவிட ஏறத்தாழ அரைமணி முந்திக் காட்டும். நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அந்த நேரம் தந்திக்கம்பி வழியே மற்ற ஊர்களுக்குப் போகும். தந்தி வந்துசேரும் தாமதம் ரயிலுக்கு ஒரு பொருட்டே அல்ல. 1906-இல் இந்திய சீர் நேரம் வந்து இந்த ஏற்பாட்டை மாற்றியது.

கணினிக்கோ அந்தத் தாமதம்தான் பெரிய சிக்கல். கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப நாளுக்கு ஓரிரு நொடி பிசகும்; அதனால் இணையம் வழியே சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு சர்வர்கள் வெவ்வேறு நேரம் காட்டினால், பணம் அனுப்பப்படும் முன்பே வந்து சேர்ந்ததாகப் பதிவாகும்.

இதற்கு அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1985-இல் வகுத்த வழிதான் என்டிபி என்னும் நேர ஒத்திசைவு நெறிமுறை. நம் கணினி கேள்வி அனுப்பிய கணத்தைக் குறித்துக்கொள்ளும். நேர சர்வர், அது தன்னிடம் வந்த கணத்தையும் பதில் கிளம்பிய கணத்தையும் குறித்து அனுப்பும். பதில் கைக்கு வந்த கணம் நான்காவது. போய்வர ஆன மொத்த நேரத்தில் சர்வர் வைத்திருந்த நேரத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் ஒருவழித் தாமதம் கிடைக்கும். தாமதத்தை ஒழிக்க முயலாமல், அதையே அளந்து கழித்துவிடும் இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்புதான். முதுமையில் பார்வை மங்கிய பிறகும் மில்ஸ் இந்தப் பணியை விடவில்லை, 2024-இல் மறைந்தார்.

ஒரு சர்வரை மட்டும் நம்பாமல் பலவற்றைக் கேட்டு, ஒத்துப்போகாததை ஒதுக்கிவிடுவது என்டிபியின் இயல்பு. சிறு பிசகு என்றால் கடிகாரத்தைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளாது. ஓட்டத்தைச் சற்றே மெதுவாக்கும். இல்லாவிட்டால் கோப்புகளின் முன்பின் வரிசை குலையும்.

விண்மீன்களின் இடத்தில் இன்று சீசியம் அணுக்கடிகாரங்கள். இந்திய நேரத்தைக் காப்பது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். 2022-இல் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், நிறுவனங்கள் தங்கள் கணினிகளை அந்த ஆய்வகத்தின் சர்வர்களோடோ தேசிய தகவல் மையத்தின் சர்வர்களோடோ ஒத்திசைக்க வேண்டும் என உத்தரவிட்டது. சைபர் குற்றம் நடந்தால் எது முதலில் நடந்தது என்று பதிவுகள் ஒரே குரலில் சொல்ல வேண்டுமே!

ஆனாலும் மில்ஸ் கணக்கில் ஓர் ஊகம் உண்டு: போகும் பாதையும் வரும் பாதையும் சம நேரம் எடுக்கும் என்பது. இணையத்தில் பல சமயம் அப்படி அமைவதில்லை. வித்தியாசத்தில் பாதி அப்படியே பிழையாகத் தங்கிவிடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த நான்கு கணங்களை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.