கறுப்பு வெள்ளைக் கட்டைகள் – 8: நாலு கார்டு போதும்

பிள்ளையை பியானோ வகுப்பில் சேர்த்திருக்கிறோம் என்று மலாக்காவில் ஒரு தமிழ்க் குடும்பம் சொன்னால், அடுத்து வரும் கேள்வி “எந்த கிரேடு?” என்பதுதான். ஏபிஆர்எஸ்எம் தேர்வில் ஒன்று முதல் எட்டு வரை கிரேடுகள். ஐந்தாம் கிரேடு தியரி தேறாமல் ஆறாம் கிரேடுக்கு உட்கார முடியாது. ஒழுங்கான படிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாம் கிரேடு முடித்த பேத்தியிடம், “நான் ஒரு பாட்டுப் பாடுறேன், நீ கூடவே வாசிம்மா” என்று தாத்தா கேட்டுப் பார்க்கட்டும். “நோட்ஸ் எங்கே தாத்தா?” என்று திருப்பிக் கேட்கும். திருவிழாக் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன்களைப் பாருங்கள். தாளில் இருக்கும் புள்ளிகளைப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். பாடகர் எந்தக் கட்டையில் எடுத்தாலும் இரண்டாவது வரிக்குள் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த அண்ணன்களுக்குத் தெரிந்தது கார்டு. சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆசைப்படும் இளையவர்கள் அதைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பது என் கட்சி. கிரேடு பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

நிற்கும் ஒன்றின்மேல் சொல்லை ஓட்டிப் பாட்டுக் கட்டும் இந்த வழி நம் மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. டொண்டாங் சாயாங் கேட்டிருப்பீர்கள். வயலின், ரெபானா, கோங் சேர்ந்து ஒரே மெட்டை ஓட்டிக்கொண்டிருக்கும். பாடுகிறவர்கள் அதன்மேல் பந்துன் கட்டி ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள், மடக்குவார்கள், கொஞ்சுவார்கள். யுனெஸ்கோ 2018இல் இதைத் தன் பட்டியலில் சேர்த்தபோது மலாக்காவின் நான்கு சமூகங்களின் கலை என்றே குறித்தது: மலாய்க்காரர்கள், பாபா நோன்யாக்கள், போர்த்துகீசியர்கள், செட்டிகள். காஜா பெராங்கில் கம்போங் செட்டி இருக்கிறதே, அங்குள்ள செட்டிகள்தாம். வீட்டுமொழி மலாய் ஆகிவிட்ட பின்னும் மாரியம்மனை விடாதவர்கள்.

தோட்டத்துத் தெம்மாங்கும் அப்படித்தான் ஓடியது. 1896இல் மலாக்காக்காரர் டான் சாய் யான் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் அது. பிறகு தோட்டம் தோட்டமாகக் காடு அழிந்து லயங்கள் எழுந்தன. லயத்துக்கு வந்தவர்கள் ஊரிலிருந்து மெட்டைக் கொண்டுவந்தார்கள். கித்தா மரமும் பால்வாளியும் கங்காணியும் பெரட்டுக்களமும் இங்கே அந்த மெட்டுக்குள் நுழைந்தன. மெட்டு நிற்கும், சொல் மாறும். இன்றைய பாப் பாட்டில் நிற்பது மெட்டு அல்ல, கார்டு வரிசை. அதன்மேல் மெட்டும் மாறலாம், சொல்லும் மாறலாம். நமக்குக் கூடுதல் வசதி.

சரி, கட்டைக்கு வருவோம்.

கார்டு என்பது ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிப்பது. ஒரு கட்டை சுருதியில், அதாவது சியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், வெள்ளைக் கட்டைகள் ஏழும் சங்கராபரணம். தேவார வகுப்புக்கோ பஜனைக்கோ போன பிள்ளைகளுக்கு ஸ்வரம் தெரியும் என்பதால் அந்த வழியிலேயே சொல்கிறேன். ச-க-ப சேர்ந்தால் சி மேஜர். ப-நி-ரி ஜி மேஜர். த-ச-க ஏ மைனர். ம-த-ச எஃப் மேஜர். மேஜரா மைனரா என்பதற்கு ஒரே கணக்கு: கறுப்பு வெள்ளை பார்க்காமல் எல்லாக் கட்டைகளையும் எண்ணுங்கள். முதல் ஸ்வரத்திலிருந்து நடு ஸ்வரம் நாலாவது கட்டை, அங்கிருந்து மேல் ஸ்வரம் மூணாவது கட்டை என்றால் மேஜர். மூணும் நாலுமாக மாறினால் மைனர். ச-க-பவில் நடுவிரலை மட்டும் ஒரு கட்டை கீழே, கறுப்புக்கு இறக்கிப் பாருங்கள். முகம் வாடுவது காதுக்கே தெரியும்.

பீட்டில்ஸின் ‘லெட் இட் பீ’ 1970இல் வந்தது. அது தொடங்குவது இந்த நான்கில்தான்: சி, ஜி, ஏ மைனர், எஃப். பாப் மார்லியின் ‘நோ வுமன் நோ க்ரை’யும் அதே வரிசை. உலகமெங்கும் எத்தனை பாட்டுகள் இதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினால் இந்த இதழ் முழுவதும் போதாது.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் சிக்கல் ஒன்றே. ஒவ்வொரு கார்டுக்கும் கையை மொத்தமாகத் தூக்கி வேறு இடத்தில் வைப்பார்கள். தாளம் நொண்டும், பாடவும் முடியாது. கையை நகர்த்தாமல் விரலை நகர்த்தும் வழி இருக்கிறது. வரிசையைச் சற்று மாற்றி சி, ஏ மைனர், எஃப், ஜி என்று வைத்துக்கொள்வோம். வலது கையில் ச-க-ப. ஏ மைனருக்குப் போக, பவில் இருக்கும் விரல் மட்டும் தவுக்கு ஏறட்டும்: ச-க-த. எஃபுக்கு, நடுவிரல் கவிலிருந்து மவுக்கு: ச-ம-த. ஜிக்கு மட்டும் மூன்று விரலும் இறங்கும். ச கீழ் நிக்கு, த பவுக்கு, ம கவைத் தாண்டி ரிக்கு: நி-ரி-ப. அவ்வளவுதான். உள்ளங்கை இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. இடது கை ச, த, ம, ப என்று ஒவ்வொரு கட்டையாகத் தாழ்ந்த ஸ்தாயியில் தட்டினால் போதும்.

இடது கை என்றதும் ஒன்று. ஆர்மோனியத்திலிருந்து கீபோர்டுக்கு வந்த பெரியவர்களுக்கு இடது கை ஓடாது. அவர்கள் மேல் தப்பில்லை. ஆர்மோனியத்தில் இடது கைக்குத் துருத்தி வேலை. கட்டைக்கு வந்தது வலது கை மட்டும். பாடுகிறவர் பாடியதை அப்படியே நிழலாகத் தொடரும் வாசிப்பு அது. அவர்களிடம் கற்ற பிள்ளைகளும் மெட்டை மட்டுமே வாசிக்கிறார்கள், இடது கை மடியில் சும்மா கிடக்கிறது. பாட்டுக் கட்டுவதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். மெட்டை வாசிக்கவே வேண்டாம், அது தொண்டையின் வேலை. இரண்டு கையும் கார்டில் இருக்கட்டும்.

தாளத்துக்கு ஆதி தாளமே போதும். எட்டு அட்சரம், கார்டுக்கு இரண்டு. ஒரு சுற்று முடிந்தால் நாலு கார்டும் முடியும். தெம்மாங்கு நடை வேண்டுமா? ஒவ்வொரு அட்சரத்தையும் மூன்றாகப் பிரித்துத் திஸ்ரமாக்குங்கள். அதே நாலு கார்டு தோட்டத்துக் கோவில் வாசலுக்கு வந்துவிடும்.

இனி மெட்டு. நீட்டி நிற்கும் ஸ்வரமும் தாளத்தில் அழுத்தம் விழும் ஸ்வரமும் அந்த நேரத்துக் கார்டுக்குள் இருந்தால் காது ஒப்பும். இடையில் ஓடுபவை எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். அது பயமாக இருந்தால் மோகனத்தில் பாடத் தொடங்குங்கள். ச ரி க ப த. மவும் நியும் இல்லாததால் அதிகம் இடறாது, நாலு கார்டின் மேலும் ஏறக்குறைய எந்த ஸ்வரமும் உட்காரும். முதல் பாட்டு மோகனத்தில் பிறப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். இலக்கணக் காரணம் எதுவும் இல்லை.

இதற்கு எதிரான கண்ணியும் இருக்கிறது. கர்நாடக இசை படித்த பிள்ளை முதலில் கற்றது மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்பார்கள். விரல் அங்கேதான் போகும். அந்த ராகத்தின் சுத்த ரிஷபத்தையும் சுத்த தைவதத்தையும் வைத்துக் கார்டு பிடித்துப் பாருங்கள். ச-க-ப சரியாக ஒலிக்கும். ம-த-ச மைனர் ஆகிவிடும். ப-நி-ரி கோணிக்கொள்ளும், த-ச-க அந்தரத்தில் தொங்கும். நம் நாலு கார்டு அங்கே செல்லாது. அதிலும் கார்டு வைக்கத் தெரிந்த மேதைகள் உண்டு. ஆனால் முதல் வாரத்துக்கு அது வேலை இல்லை. ராகம் பெரியதா கார்டு பெரியதா என்ற சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு வெள்ளைக் கட்டைக்குத் திரும்புங்கள்.

மேதைகள் என்றேன். ரப்பர் தோட்டம் இல்லாவிட்டாலும் தேயிலைத் தோட்டத்தோடு ஒட்டிய கதை ஒன்று உண்டு. 1958இல் கேரளத்தின் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். மலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள். அங்கே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். சனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அரசியல் சொல்லைப் போட்டுப் பாடுவதில் அவர் பெயர் பெற்றவர். அவருடைய குழுவில் வளர்ந்த தம்பி சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. கிராமத்து மெட்டுக்கு அடியில் கார்டு நகர்வதை அதற்குப் பிறகு தமிழ்க் காது பழகிக்கொண்டது. இளையராஜாவின் பெயரை நான் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பீர்கள். பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மானும் அதே தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர்தான். பதின்ம வயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்.

நம் நாட்டுக்கு வந்தால், யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது ‘மடை திறந்து’வை. 1980இன் ‘நிழல்கள்’ படப் பாட்டின்மேல் மலேசியத் தமிழில் ராப். நிற்கும் ஒன்றின்மேல் ஓடும் சொல். டொண்டாங் சாயாங்காரர்கள் இதைக் கேட்டால் சிரித்துக்கொள்வார்கள்.

இப்போது கடையில் வாங்கும் கருவி. பியானோ வேண்டாம், அறுபத்தொரு கட்டை கீபோர்டு தாராளம். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைவதாக இருக்கட்டும், அது ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். இந்திய ஸ்டைல்கள் நிரம்பிய யமாஹாவும் ரோலண்டும் உண்டு. தபேலாவும் டோலக்கும் தானாக ஓடும். யமாஹாவில் ஒரு விரல் வித்தை ஒன்றும் உண்டு: இடது பக்கம் ஒரு கட்டையை அமுக்கினால் மேஜர் கார்டு முழுதாக வரும், அதற்கு இடப்பக்கம் உள்ள கறுப்பையும் சேர்த்தால் மைனர், வெள்ளையைச் சேர்த்தால் செவந்த். கல்யாண மேடைக்கு இது வரப்பிரசாதம். கற்பவனுக்கு விஷம். விரல் எதையும் கற்காது, காது எதையும் தேடாது, எல்லாப் பாட்டும் அந்தக் கம்பெனியின் பாட்டாகவே இருக்கும். முதல் மூன்று மாதம் ஸ்டைல் பொத்தானை மறந்துவிடுங்கள். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அக்கா ஐந்து கட்டையிலும் தம்பி ஒன்றரைக் கட்டையிலும் பாடுகிற வீட்டில் அது இல்லாமல் முடியாது.

“மாஸ்டர், நாலு கார்டிலயே கட்டினா எல்லாம் ஒரே மாதிரி இருக்கே” என்று கேட்காத மாணவர் இல்லை. இருக்கும். ஆனால் புதுக் கார்டு சேர்க்காமலே செய்யக்கூடியவை நிறைய. ஏ மைனரிலிருந்து சுற்றைத் தொடங்கினால் அதே நாலும் சோகத்துக்குப் போகும். வரியைச் சமத்தில் எடுக்காமல் அரை அட்சரம் தள்ளி எடுங்கள். சரணத்தில் ஒரு கார்டை முழுச் சுற்றுக்கும் நிறுத்திவிட்டுப் பல்லவியில் நாலையும் ஓட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒரே மாதிரி இருந்தால், சொல் பழசு என்று பொருள். ‘கண்ணே மணியே நிலவே’ என்று சென்னையில் எழுதித் தேய்ந்ததை ஜாசினில் மறுபடி எழுதினால் எந்தக் கார்டும் காப்பாற்றாது. செம்பனைக் குலை விழும் சத்தம், பத்து பெரண்டாம் ஃபேக்டரி பஸ், தோட்டம் விற்றுத் தாமானுக்குக் குடிபோன வீட்டில் இடமில்லாமல் நிற்கும் ஆட்டுக்கல் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன.

யாராவது “இது என் கார்டு” என்று வழக்குப் போடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன்மேல் அப்படித்தான் போட்டார்கள். மார்வின் கேயின் பழைய பாட்டிலிருந்து எடுத்தார் என்று. நீதிமன்றத்துக்கே கிதாரைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினார். 2023 மே மாதம் நியூயார்க் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சாதாரணமான கார்டு வரிசை பொதுச் சொத்து மாதிரி. மெட்டும் வரியும்தான் உங்களுடையவை. அவற்றை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், அதாவது மைஐபிஓவில், தன்விருப்பமாகப் பதிவு செய்துகொள்ள 2012 முதல் வழி இருக்கிறது. நம் சட்டப்படி பாட்டு எழுதியவருக்கு வாழ்நாளும் அதன்பின் ஐம்பது ஆண்டும் உரிமை. பாட்டு வானொலியிலோ மேடையிலோ ஓடத் தொடங்கினால் பாட்டு எழுதுவோரின் உரிமை அமைப்பான எம்ஏசிபியில் உறுப்பினர் ஆகிவிடுங்கள், ராயல்டி அந்த வழியாகத்தான் வரும். கைபேசியில் பதிந்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு “என் மெட்டைத் திருடிட்டாங்க” என்று புலம்பும் தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் ரி-ம-தவும் க-ப-நியும், அதாவது டி மைனரும் இ மைனரும். அதற்குள் இந்த நாலு கார்டின்மேல் எட்டு வரி எழுதி வையுங்கள். நீங்கள் பிறந்த தோட்டத்தின் அல்லது தாமானின் பெயர் அதில் ஒரு முறையாவது வர வேண்டும். காதல் பாட்டாக இருந்தாலும் சரி.